மலையைப் பார்த்து நிற்பவருக்கு ஒரு கூடை

‘வெள்ளி. காலையில் மூடுபனி, பிறகு நல்ல வெயில். டாக்டர் வீட்டு ஆண் மீது பெண்கள் முறைப்பாடு. மாலைக்குள் தீரவில்லை.’

என் நாட்குறிப்பில் உள்ள இந்த வரிகளை வேறு யாராவது படித்தால் விபரீதமாக நினைக்கக்கூடும். டாக்டர் தனியாக வசிக்கும் பெண்மணி. என்னை விட்டால் அந்த வீட்டுக்கு வந்துபோகும் ஆண் என்றால் தோட்டவேலை செய்பவர் ஒருவர்தான். அவரும் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவார். முறைப்பாடு அவர் மீது அல்ல, புல்வெளியின் ஓரத்தில் நிற்கும் சீமெந்துச் சிற்பத்தின் மீது.

நாள், கிழமை, மாதம், ஆண்டு நான்கும் இல்லாமல் எதையும் எழுதுவதில்லை என்பது என் பழக்கம். இங்கே கிழமையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறேன். திகதியைச் சொன்னால் போதும், பதுளை பஸ் நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் யாரும் வீட்டையும் ஆட்களையும் சொல்லிவிடுவார்கள். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். நாளைக்கும் நான் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

டாக்டர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கண் வைத்தியராகக் கொழும்பில் நெடுங்காலம் வேலை பார்த்து, கடைசியில் பதுளைக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே ஓய்வு பெற்றார். ஊர் திரும்புவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையில் இருந்த சின்னப் பழைய பங்களா ஒன்றை வாங்கிக் குடியேறினார். உள்ளே போனால் சுவரின் நிறம் தெரியாது. எல்லாம் ஓவியங்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலே, குளியலறைக்குப் போகும் வழியில், குளிர்சாதனப் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள ஒரு முழ இடத்தில்கூட ஒன்று. எதை யாரிடமிருந்து எப்போது வாங்கினார் என்பது அவருக்கே குழம்பிப் போயிருந்தது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குப் பழைய விஷயங்களை ஒழுங்குபடுத்தி எழுதும் பைத்தியம் உண்டென்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டு அனுப்பினார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பசறை வரை பஸ், அதற்கு மேல் ஓட்டோ என்று போய்வந்து, ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் அட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வெளியே இருந்தது ஒன்றே ஒன்றுதான். நிற்கும் ஓர் ஆண். சாதாரண மனிதரைவிடக் கொஞ்சம் உயரம். அதற்குக் கீழே ஒரு மேடை. இடது கை பக்கத்தில் தொங்குகிறது. வலது கை மடங்கி உயர்ந்து நெற்றியருகே நிற்கிறது, வெயிலுக்குக் கண்ணை மறைத்துத் தூரத்தில் எதையோ தேடுவதுபோல. தலையிலிருந்து முழங்கால் வரை சிற்பி நன்றாகத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருந்தார். முழங்காலுக்குக் கீழே சொரசொரப்பாக அப்படியே விட்டிருந்தார். அது ஏன் என்று நான் கேட்டபோது, “மனுசர் மண்ணிலயிருந்து எழும்பி வாறமாதிரி எண்டு சொன்னவன்” என்றார் டாக்டர். சிற்பி அவருடைய பழைய நண்பர், இப்போதும் கொழும்பில் இருப்பவர். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தாராம்: இவருக்கு முன்னால் தூரம் இருக்க வேண்டும்.

கொழும்பு வீட்டில் தூரம் இல்லை, மதில் இருந்தது. பிறகு மதிலுக்கு மேலாக அடுக்குமாடி ஒன்று எழுந்தது. இங்கே வந்த பிறகுதான் அவரை லொறியில் கொண்டுவந்து, புல்வெளி முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில் நிறுத்தினார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, தோட்டத்தின் மூன்றாம் நம்பர் மலை. தேயிலை நிற்கும் ஒவ்வொரு துண்டையும் இங்கே மலை என்றுதான் சொல்வோம்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், பகல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வாசலுக்கு வந்தவர்கள் நான்கு பேர். முன்னால் கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கங்காணி, பின்னால் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் ஈரத்தோடு மூன்று பெண்கள்.

“டாக்டரம்மா, ஒங்க வீட்ல தொர யாரும் தங்கியிருக்காருங்களா?” என்று கங்காணி மரியாதையாக ஆரம்பித்தார்.

“துரையோ? இஞ்ச ஆர் துரை? நான் தனிய இருக்கிறன்.”

கங்காணி திரும்பிப் பெண்களைப் பார்த்தார். நடுவில் நின்றவர் முன்னால் வந்தார். நாற்பது வயது இருக்கும். அந்த டிவிசனிலேயே கொழுந்து பறிப்பதில் கைவேகம் அவருக்குத்தான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. வாய்வேகம் அப்போதே தெரிந்தது.

“இல்லாமயாம்மா நிக்கிறாரு? நாங்க மலைக்கி வர்றப்பவும் நிக்கிறாரு, எறங்குறப்பவும் நிக்கிறாரு. மழ வந்தா நாங்க ஓடுறோம், அவரு நனைஞ்சுக்கிட்டே நிக்கிறாரு. கைய இப்பிடி மொகத்துகிட்ட வச்சு எங்கள போன்ல படம் எடுக்கிறாரும்மா. அர கால்சட்டையும் நீட்டு மேஜோடும் போட்டுக்கிட்டு, பழைய காலத்துத் தொர மாதிரி.”

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வழுவழுப்பு முடியும் இடம் கால்சட்டை. சொரசொரப்புத் தொடங்கும் இடம் காலுறை. மண்ணிலிருந்து எழும்பி வரும் மனிதரைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவர் துரையாகத்தான் தெரிவார். டாக்டருக்கும் விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இஞ்சால வாங்கோ” என்று எல்லோரையும் வீட்டைச் சுற்றி அழைத்துப்போனார்.

பெண்கள் சிற்பத்தை மேலும் கீழும் பார்த்தார்கள். மூவரில் மூத்தவர் கையை நீட்டி, முழங்காலில் கதவைத் தட்டுவதுபோலத் தட்டிப் பார்த்தார்.

“சீமெந்துடி” என்றார்.

பிறகு எழுந்த சிரிப்பில் பக்கத்துக் கொய்யா மரத்திலிருந்த கொண்டைக்குருவிகள் பறந்துவிட்டன. கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. அவரும் அந்த உருவத்தைத் துரை என்று நம்பித்தான் இவ்வளவு நாளும் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். அதைச் சொன்னவர் கைவேகக்காரப் பெண்.

“இத்தன நாளா அசையாம நிக்கிறாரே, சந்தேகமே வரலயா?” என்று நான் கேட்டேன்.

“தொரைன்னா அசையாமத்தாங்கய்யா நிப்பாரு” என்றார் கைவேகக்காரர்.

மூத்தவர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குக் கண்ணுல பூ எடுத்தது நீங்கதானேம்மா. முன்னெல்லாம் பள்ளத்துக்கு அங்கிட்டு ஒண்ணுமே தெரியாது. நிம்மதியா இருந்தேன். இப்ப இந்தாளு கை வெரல் வரைக்கும் தெரியுது. வென நீங்க வச்சதுதான்.”

கங்காணி தொண்டையைச் செருமினார். “ஒண்ணு சொல்லலாங்களா? இவரு வந்த பொறகு அந்த மலையில கொழுந்து கொஞ்சம் கூடித்தான் இருக்கு. நிக்கட்டுமே.”

“அப்ப ஒங்களையும் சீமெந்துல ஒண்ணு செஞ்சு மலையில வச்சிட்டு, நீங்க வீட்ல போயித் தூங்குங்க கங்காணி அண்ணே” என்றார் கைவேகக்காரர். “வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகுது?”

விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். “சரி, இப்ப ஆளைக் கண்டிட்டியள்தானே. இனிப் பயமில்லையே” என்றார்.

கைவேகக்காரரின் குரல் இறங்கியது.

“தெரியுதும்மா. புத்திக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரியலயே.”

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். மலையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஒதுங்குவதற்கு இருக்கும் ஒரே மறைவு மேல் தேயிலை நிரைக்கு அருகில் ஓடும் கான் என்கிற வடிகால்தான். அது சரியாக இந்தப் புல்வெளியைப் பார்த்து இருக்கிறது. இவர் வந்து நின்ற நாளிலிருந்து காலையில் போனால் பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர்கூடக் குறைத்துத்தான் குடிக்கிறார்கள். இதைச் சொல்லத் தொடங்கியபோதே கங்காணி விலகிப் போய் குரோட்டன் செடிகளின் இலைகளைக் கவனமாக ஆராய ஆரம்பித்துவிட்டார்.

“வீட்டுப் பக்கம் திருப்பி வச்சிருங்கம்மா. அவ்வளவுதான் கேக்குறோம்.”

டாக்டரின் முகம் மாறியது. “திருப்ப மாட்டன்” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, ஆனால் யோசித்தும் சொல்லவில்லை. “உவர் எத்தினை வருசம் மதிலைப் பாத்துக்கொண்டு நிண்டவர் தெரியுமோ?”

“அப்ப ஒரு வேல செய்யுங்க. முதுகுல கூடைய மாட்டி விட்ருங்க. வெறுங்கையா நிக்கிறவன்தாம்மா எங்களப் பாப்பான். கூட சொமக்கிறவன் கொழுந்தத்தான் பாப்பான்.”

“உது சிற்பம். உடுப்புக் கொழுவுற கம்பு இல்லை.”

“நாங்க உடுப்பா கேட்டோம்?” என்றார் அவர். மற்ற இருவரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நம்பர் மலையில் அடுத்த முறை கொழுந்து எடுக்க வரும் நாளைக் கங்காணி சொன்னார்: வருகிற வாரத்துக்கு அடுத்த புதன். அதற்குள் ஒரு முடிவு சொல்வதாக டாக்டர் ஒப்புக்கொண்டார்.

மறு வெள்ளிக்கிழமை நான் போனபோது டாக்டர் கன்வஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். கங்காணியிடம் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் பள்ளத்தில் இறங்கி மூன்றாம் நம்பர் மலையில் ஏறினோம். அன்று அங்கே வேலை இல்லை. டாக்டர் ஒவ்வொரு நிரையாக நின்று எதிர்ப்பக்கம் பார்த்தார். கண் பரிசோதனைக்கு எழுத்துப் பலகையின் முன் நிறுத்திய ஆள்போல, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடிப் பார்த்தார். கானை அடைந்ததும், “நீங்கள் அங்கால திரும்புங்கோ” என்றார். திரும்பினேன். சேலை உரசும் சத்தம் கேட்டது. கானுக்குள் இறங்கிக் குந்தியிருக்கிறார் என்று விளங்கியது.

“இதிலயும் பாக்கிறார்” என்றார். நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்லும் குரல் அது.

நானும் பார்த்தேன். உண்மைதான். பக்கத்தில் நின்றால் தூரத்தைத் தேடும் கண்கள், இங்கிருந்து பார்த்தால் நம்மை மட்டும்தான் தேடின. பச்சையும் சாம்பலுமான அந்தப் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற ஒரே உருவம் அவர். எங்கே போனாலும் கண் தானாக அங்கேதான் போய் நின்றது.

திரும்பிப் பங்களாவுக்கு ஏறினோம். வராந்தாவில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றியபடி டாக்டர் சொன்னார். “திருப்பினால் குசினியைப் பாத்துக்கொண்டு நிப்பார். முன்னால செடி நட்டால், அது வளந்து திரும்பவும் மதில். என்னத்துக்கு இஞ்ச கொண்டுவந்தனான்?” சப்பாத்தை ஓரமாக வைத்துவிட்டு, “இந்த வீட்டை நான் எனக்கெண்டு பாத்து வாங்கேல்லை. உந்த மலை தெரிஞ்சபடியால் உவருக்கெண்டுதான் வாங்கினனான்” என்றார். இவ்வளவு நாளாக வீட்டின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது அன்றுதான் தெரியும்.

“கூடையை ஒரு தரம் மாட்டித்தான் பார்ப்போமே” என்றேன்.

“நீங்களுமோ?” என்றார். “செய்தவன் உயிரோட இருக்கிறான். வந்து பாத்தானெண்டால் என்ன நினைப்பான்? அவன்ர வேலையில நான் ஒரு சாமானைக் கொழுவுறதோ? அதுகளையும் பாவம் அடக்கிக்கொண்டு நிக்க விடேலாது. ஒரு டாக்டராய் என்னால ஏலாது.”

அன்று ஓர் அட்டைகூட எழுதவில்லை.

குறித்த புதன்கிழமை வந்தது. எனக்கு அது போகும் நாளில்லை. ஆனாலும் விடிந்ததும் பசறை பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஓட்டோவில் ஏறும்போது நமுனுகுல மலை மூடுபனிக்குள் இருந்தது. பங்களாவின் கேற்றைத் திறந்தபோது என் கைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. டாக்டர் வராந்தாவில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். எப்போதும் புல்வெளியைப் பார்த்து உட்காருகிறவர், அன்று அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“இண்டைக்குப் புதனெல்லே?” என்றார் என்னைப் பார்த்து.

“இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது.”

“ஓமோம்” என்று பத்திரிகைக்குள் திரும்பிவிட்டார்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வந்துவிட்டார்கள். தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. வெயில் ஏற ஏறப் பனி மேலிருந்து கலையத் தொடங்கியது. முதலில் கொய்யா மரத்தின் உச்சி. பிறகு சிற்பத்தின் தலை. தலையில் ஒரு கயிறு. பிறகு முதுகு. முதுகில் ஒரு கூடை.

மூங்கில் கூடை அல்ல. அது இப்போது உல்லாச விடுதிகளின் வாசலில் பூச்சாடி வைக்கத்தான் பயன்படுகிறது. மலையில் பெண்கள் இன்று தூக்கும் அதே வெள்ளை நைலோன் சாக்கு, அதே நீலக் கயிறு. ஆனால் நான் பார்த்துக்கொண்டே நின்றது கூடையை அல்ல, கையை. நெற்றியருகே உயர்ந்திருந்த அந்த வலது கைக்குக் கீழாகக் கயிறு போயிற்று. இதுவரை வெயிலை மறைத்த கை, படம் எடுப்பதாகப் பழி சுமந்த கை, இப்போது தலைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தது. பாரம் அழுத்தும்போது எல்லோரும் செய்வதுதான். ஆளின் நிற்பே மாறிவிட்டது. யாரையும் பார்க்க அவருக்கு நேரமில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து கைவேகக்காரரின் குரல் வந்தது.

“ஏய், நம்மாளு வந்துட்டான்டி! நெரைய விட்டுட்டு அங்க எங்கய்யா நிக்கிற? எறங்கி வா!”

“கங்காணி அண்ணே, புது ஆளுக்குப் பேரு போடுங்க” என்றது இன்னொரு குரல்.

“ஒத்தக் கையால எடுத்தா அரப் பேருதான்னு சொல்லு” என்று கங்காணி பதிலுக்குக் கத்தினார். அரைப் பேர் என்றால் பாதி நாள் சம்பளம். நாள் முழுக்க நின்றும் போதிய கொழுந்து எடுக்காதவர்களுக்கு விழுவது. சிரிப்பு மலை முழுவதும் நிரை நிரையாக ஏறிப் போயிற்று.

டாக்டர் பத்திரிகையில் பக்கத்தைப் புரட்டவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பத்து மணித் தேநீருக்கு மலையில் எல்லோரும் உட்கார்ந்தபோது, இரண்டு மூன்று பேர் மேல் நிரைப் பக்கம் சாவகாசமாக நடந்து போவதைப் பார்த்தேன். நாகரிகம் கருதி நானும் பத்திரிகையில் ஒரு தாளை வாங்கிக்கொண்டேன்.

அந்த மாலையே டாக்டர் என்னிடம் படம் எடுக்கச் சொல்லி, அதைச் சிற்பிக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். பதில் குரல்பதிவாக வந்தது. முதலில் நீண்ட சிரிப்பு. பிறகு இவ்வளவுதான்: “அந்தக் கையை ஏன் தூக்கி வச்சனான் எண்டு எனக்கே அண்டைக்குச் சரியாத் தெரியாது. ஆரோ கண்டுபிடிச்சிட்டினம். கழட்ட வேண்டாம்.”

டாக்டர் அந்தப் பதிவை மூன்று முறை போட்டுக் கேட்டார். ஆனாலும் நண்பரின் சொல்லை முழுவதுமாக ஏற்கவில்லை. மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் நாட்களில் கூடை. மற்ற நாட்களில் அவருக்குத் தன் தூரம். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. காலையில் தோட்டவேலை செய்பவர் ஏணி வைத்து மாட்டுகிறார், மாலையில் கழற்றுகிறார். சில மாலைகளில் கூடைக்குள் ஒரு பிடி கொழுந்து கிடக்கும். தங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பும் வழியில் யாரோ போட்டுவிட்டுப் போவது. “பாவம், அரப் பேராச்சும் விழட்டும்” என்று அதற்கு விளக்கமும் கிடைத்தது.

என்னைப் போன்றவனுக்கு ஒரு கேள்வி பாக்கி. அந்தப் புதன்கிழமைக்கு முந்திய இரவோ விடியலோ கூடையை முதலில் மாட்டியது யார்? எல்லோரையும் விசாரித்தேன். பெண்கள் தாங்கள் இல்லை என்கிறார்கள். கேற் பூட்டியிருந்தது, சாக்கும் புதிது. கங்காணி, தான் ஏணி ஏறும் வயதைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார். தோட்டவேலை செய்பவர் என்னைச் சிற்பத்தின் அருகே கூட்டிப் போய்க் கயிற்றைக் காட்டினார். “நான் கட்டுனா ஆட்டுக்குட்டிய கட்டுன மாதிரி இருக்குங்க. இதப் பாருங்க.” தலையின் அளவுக்குக் கயிற்றைச் சுருக்கிப் போட்டிருந்த முடிச்சுகள் சின்னச் சின்னதாக, ஒரே அளவாக, தட்டையாக இருந்தன. மிச்ச நுனிகள் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன. காயத்தைத் தைத்துப் பழகிய கை அப்படித்தான் கட்டும்.

டாக்டரிடம் கேட்டேன். “காலமை எழும்பிப் பாத்தன், கிடந்தது. ஆர் எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?” என்றார். சொல்லிவிட்டு, அதுவரை ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தார்: எனக்கு இரண்டாவது தேநீர் ஊற்றினார்.

அந்த வீட்டு அட்டைகளில் வெளியே நிற்பவருடைய அட்டையை நான் கடைசியாகத்தான் எழுதி முடித்தேன். நிற்கும் ஆண், சீமெந்து, முகம் மூன்றாம் நம்பர் மலையை நோக்கி. சேர்க்கை: நைலோன் கூடை ஒன்று, கொழுந்து நாட்களில் மட்டும். முதலில் மாட்டியவர் என்ற இடத்தில் என் சந்தேகத்தை எழுதவில்லை. முடிச்சு சாட்சி ஆகாது. அங்கே ‘உறுதி செய்யப்படவில்லை’ என்றுதான் இருக்கிறது. டாக்டர் அட்டையைப் படித்துப் பார்த்து, திருத்தம் ஒன்றும் சொல்லாமல், கீழே கையொப்பம் வைத்துத் தந்தார்.